31 வயதில் பி.டி.எஸ். (பல் மருத்துவம்) முதலாம் ஆண்டு: சேரலாமா?

மெழுகுக்கத்தி
ஆகஸ்ட் 17, 2025, இரவு 10:48

வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வந்து போனவன், இன்றுதான் எழுதுகிறேன்.

வயது 31. ஈரோடு பக்கம். பல் லேபில் 11 வருடமாக வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்து கேப், பிரிட்ஜ், செட் பல் செய்து கொடுப்போமே, அந்த வேலை. 2011-இல் பிளஸ் டூ முடித்தபோது கட்-ஆஃப் 188.5. அப்போது நீட் கிடையாது. அரசுக் கல்லூரி எட்டவில்லை. சுயநிதிக் கல்லூரியில் இடம் வந்தது, அப்பாவிடம் பணம் இல்லை. டென்டல் மெக்கானிக் டிப்ளமோ படித்துவிட்டு லேபில் உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

போன வருடமும் இந்த வருடமும் நீட் எழுதினேன். ராத்திரி 9 மணிக்கு மேல்தான் படிப்பு. எம்.பி.பி.எஸ். பற்றி யோசிக்கிற மார்க் இல்லை. ஆனால் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு பி.டி.எஸ். கிடைத்துவிடும் போலிருக்கிறது. கலந்தாய்வு முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

மனைவி நர்ஸ், பையனுக்கு 4 வயது. அவள் சரி என்கிறாள். மாமனார் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. 17, 18 வயதுப் பிள்ளைகளோடு இந்த வயதில் உட்கார்ந்து படித்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?


விதிப்புத்தகம்
ஆகஸ்ட் 17, இரவு 11:20

முதலில் சட்டம். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். கீழ் வரம்பு அவ்வளவுதான். மேல் வரம்பு இப்போது இல்லை. 2018-இல் பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று ஒரு வரம்பு வந்தது. வழக்கு போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் வரம்பு சரிதான் என்றது. உச்ச நீதிமன்றம் வழக்கு முடியும்வரை வயது தாண்டியவர்களும் 2019 தேர்வை எழுதலாம் என்று விட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. நீட் ஒன்றுதான் என்பதால் பல் மருத்துவத்துக்கும் அதே கதைதான்.

வயதை வைத்து உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.


சொத்தைப்பல் சொக்கன்
ஆகஸ்ட் 17, இரவு 11:41

சட்டம் விடும். இ.எம்.ஐ. விடுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் பி.டி.எஸ். முடித்து 9 வருடம் ஆனவன். எங்கள் தெருவில் மட்டும் நான்கு கிளினிக். புதிதாக முடித்து வருகிற பிள்ளைகள் மற்றவர் கிளினிக்கில் வாங்கும் சம்பளம், உங்கள் லேப் சம்பளத்துக்குக் கீழே இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். 22 வயதுப் பையன் அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு வருடம் சமாளிப்பான். 36 வயதில் நீங்கள் எந்த அப்பா வீட்டில் சாப்பிடுவீர்கள்? சொந்தமாக கிளினிக் போடலாம் என்றால் சேர், கம்ப்ரசர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, கடைக்கு அட்வான்ஸ். கணக்கு போட்டுப் பாருங்கள்.

வயது பிரச்சினை இல்லை என்று பத்து பேர் வந்து கை தட்டுவார்கள். தட்டுகிறவர்கள் யாரும் பீஸ் கட்ட மாட்டார்கள்.


நெல்லை அம்மா
ஆகஸ்ட் 18, காலை 6:15

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகள் இரண்டு வருடம் டிராப் எடுத்தாள், இப்போது 19 முடியப் போகிறது, பி.டி.எஸ். கிடைக்கும் நிலை. "வகுப்பிலேயே நான்தான் கிழவியாக இருப்பேன்" என்று இரண்டு நாளாக அழுகிறாள். 31 வயதுத் தம்பி கேட்ட கேள்வியைக் காட்டினேன். அழுகை நின்றது. தம்பிக்கு நன்றி!


விதிப்புத்தகம்
ஆகஸ்ட் 18, காலை 8:02

அம்மா, உங்கள் மகள் கிழவி இல்லை, பெரும்பான்மை. நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு 2021-இல் அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கையைப் பாருங்கள். 2016-17-இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்று வந்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-இல் அது 71.42 சதவீதம். பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்பது என்பது இங்கே நான்கைந்து வருடத்தில் தலைகீழாகப் போய்விட்டது. அது மருத்துவத்துக்கான கணக்கு. ஆனால் பல் மருத்துவத்துக்கு வருகிறவர்களும் அதே வரிசையில் நின்றவர்கள்தானே. எம்.பி.பி.எஸ்.ஸுக்காக ஒரு டிராப், இரண்டு டிராப் போட்டுவிட்டுக் கடைசியில் இந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் நிறைய.


பழைய மாம்பலம் 76
ஆகஸ்ட் 18, காலை 9:37

நான் 1976-இல் சென்னையில் பி.டி.எஸ். சேர்ந்தவன். அப்போது பிளஸ் டூ கிடையாது. 11 வருடம் பள்ளி, ஒரு வருடம் பி.யூ.சி., 17 வயதில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கிக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டேன். மீசை முளைக்கவில்லை. முதல் பல் பிடுங்கியபோது நோயாளி என்னைப் பார்த்து, "டாக்டர் எப்போ வருவார் தம்பி?" என்று கேட்டார். ஊசி போட்ட கை அப்படி நடுங்கியது. மெழுகுக்கத்திக்கு அந்தச் சங்கடம் இருக்காது. வெள்ளைக் கோட்டு போட்டதும் எல்லோரும் அவரைத்தான் பேராசிரியர் என்று நினைப்பார்கள்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் வயது என்பது கண்ணும் கழுத்தும். 40-ஐத் தாண்டினால் வெள்ளெழுத்து. எங்கள் அம்மா சாளேஸ்வரம் என்பாள். பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிடலாம். கடைவாய்ப் பல்லின் வேர்க்குழாயைப் பார்க்க நோயாளியின் வாயைத் தள்ளிப் பிடிக்க முடியாது. லூப்ஸ் என்கிற பூதக்கண்ணாடி வந்து எங்களைக் காப்பாற்றியது. கழுத்துக்கு எந்தக் கண்ணாடியும் இல்லை. நான் 58 வயதில் ரூட் கேனாலை நிறுத்திவிட்டேன். தம்பி 36-இல் தொடங்கினால், கண் நன்றாக இருக்கிற காலம் நாலைந்து வருடம்தான். அதற்காகச் சேராதே என்று சொல்லவில்லை. 11 வருடமாகக் குனிந்தே வேலை செய்த கழுத்து. முதலில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு கலந்தாய்வுக்குப் போ.


வடமராட்சி
ஆகஸ்ட் 18, பகல் 1:10

17 வயதில் பல் மருத்துவமா! எங்களுக்கு அது கனவிலும் இல்லை, அண்ணா.

இலங்கையில் ஏ.எல். (உங்கள் பிளஸ் டூ மாதிரியான பரீட்சை) எழுதவே 18, 19 ஆகிவிடும். பிறகு முடிவு, இசட் புள்ளி என்கிற தரப்படுத்திய மதிப்பெண், வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு. மூன்று தடவைதான் எழுதலாம், மூன்றாவது தடவையில் எடுபட்டவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அதோடு கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் வந்து 2021-ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியில், 2022-ஆம் ஆண்டுப் பரீட்சை 2023-இல் என்று தள்ளித் தள்ளியே நடந்தது. நான் பேராதனைக்குப் போகும்போது 22. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்து லண்டன் போனவன் அதே வருடம் பட்டம் முடித்து வேலைக்குச் சேர்ந்த போட்டோ போட்டான்.

ஆனால் எல்லோருமே பிந்தினால் யாருமே பிந்தவில்லை. விடுதியில் 22 வயது என்பது சாதாரணம், அதைப் பற்றி யாரும் கதைத்ததே இல்லை. தனி ஆளாகப் பிந்துவதுதான் கஷ்டம். அந்த அண்ணாவுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.


டெட்ராய்ட் குளிர்
ஆகஸ்ட் 18, மாலை 5:52

அமெரிக்கா வந்தால் இந்த இழையே சிரிப்பாக இருக்கும். இங்கே பள்ளி முடித்து நான்கு வருடம் ஒரு பட்டம், அதற்கப்புறம்தான் நான்கு வருடம் பல் மருத்துவம். 22-க்கு முன்னால் உள்ளே வருகிறவர்கள் அபூர்வம். நான் சென்னையில் 17-இல் சேர்ந்து 22-இல் டாக்டர் ஆனவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்தப் பட்டத்தை வைத்து லைசென்ஸ் வாங்க முடியவில்லை. போர்டு தேர்வு எழுதி, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பாதியிலிருந்து சேரும் படிப்பில் மறுபடி மாணவியாக உட்கார்ந்தபோது எனக்கு 30. பக்கத்து பெஞ்சில் ஒருவர், முன்பு ராணுவத்தில் இருந்தவர், 38. இன்னொரு பெண்ணுக்கு மூன்று குழந்தைகள். பேராசிரியர்கள் யாரையும் வயது கேட்கவில்லை.

17-இல் தொடங்கிய எனக்குக் கிடைத்த லாபம் என்ன? சொத்தைப்பல் சொக்கன் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.


சொத்தைப்பல் சொக்கன்
ஆகஸ்ட் 18, இரவு 7:30

டாலரில் சம்பாதிக்கிறவர்கள் ரூபாய்க் கணக்கு கேட்டால் எப்படி, மேடம்? அங்கே 38-இல் முடித்தாலும் கடனை அடைக்கிற சம்பளம் வரும். இங்கே வருமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. பேசாமல் விட்டதைப் பேசிவிடுகிறேன். மெக்கானிக் வேலை பார்த்தவர்கள் சின்ன ஊர்களில் போர்டு மாட்டிக்கொண்டு நேராக நோயாளி வாயில் கை வைக்கிறார்களே, அதெல்லாம் தெரியாதா? நண்பருக்கும் அந்த ஆசைதான் என்றால் சொல்லிவிடட்டும்.


மெழுகுக்கத்தி
ஆகஸ்ட் 18, இரவு 11:15

சார், கேட்டுவிட்டீர்கள், நல்லதுதான்.

எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறார். என்னைப் பார்ட்னராகக் கூப்பிட்டார். "டிகிரி எதுக்குப்பா, உன் கை போதும்" என்றார். இப்போது வாங்குவதைப் போல மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். போகவில்லை. போயிருந்தால் இங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

ஏன் படிக்க நினைத்தேன் என்பதைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் ஒரே நோயாளியின் கேப் மூன்று தடவை திரும்பி வந்தது. கீழ்க் கடைவாய்ப் பல். "ஹை பாயின்ட், கடிக்கும்போது இடிக்கிறது" என்று சீட்டு. நானும் தேய்த்துத் தேய்த்து அனுப்பினேன். மாடலில் வைத்தால் அச்சுப் பிசகாமல் உட்காருகிறது. வாயில் வைத்தால் இடிக்கிறது. நான்காவது தடவை டாக்டரிடம், நான் கிளினிக்குக்கு வந்து ஒரு ஓரமாக நின்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். நல்ல மனிதர், வரச் சொன்னார். அந்த அம்மா வாயைத் திறந்து மூடினார். தாடை நேராக மூடவில்லை, ஒரு பக்கமாக வழுக்கி வந்து மூடியது. பிளாஸ்டர் மாடல் அப்படி வழுக்காது. அதற்கு அப்புறம் ஐந்து நிமிட வேலைதான்.

எட்டு வருடம் பல் செய்திருக்கிறேன், அன்றைக்குத்தான் சார் ஒரு வாயைப் பார்த்தேன். அதன் பிறகு லேபில் உட்கார முடியவில்லை.


பழைய மாம்பலம் 76
ஆகஸ்ட் 18, இரவு 11:40

தம்பி, எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டுச் சேர்.


இன்டர்ன் அக்கா
ஆகஸ்ட் 19, அதிகாலை 12:55

நைட் டியூட்டி முடித்து வந்து படிக்கிறேன், விடிந்தால் மறந்துவிடுவேன், இப்போதே எழுதுகிறேன்.

நான் இன்ஜினியரிங் முடித்து நாலு வருடம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு, 27 வயதில் பி.டி.எஸ். சேர்ந்தவள். 2020 பேட்ச். பி.சி. என்பதால் அந்த 30 வரம்புக்குள் இருந்தேன். இப்போது இன்டர்ன்ஷிப், வயது 32. கேட்டதற்கு நேரடியான பதில் என்னிடம் இருக்கிறது என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு கஷ்டமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் வருடம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. 18 வயதுப் பிள்ளைகள் நீட்டுக்கு இரவு பகல் பாராமல் படித்த சூட்டோடு வருகிறார்கள். கழுத்து நரம்புகளை ஒரு ராத்திரியில் விழுங்கிவிட்டுக் காலையில் வைவாவில் கக்குவார்கள். எனக்கு அதே பக்கம் மூன்று ராத்திரி. ஆனால் எனக்குப் புரிந்தது மறக்கவில்லை. தேர்வில் இரண்டும் ஒரே மார்க்தான், அது வேறு விஷயம்.

கை வேலை வந்தபோது ஆட்டம் மாறியது. எங்கள் முதல் வருடத்தில் பாதி கொரோனா. மெழுகுக் கட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, போன் கேமராவைச் சோற்றுப் பானை மேல் சாய்த்து, பல் செதுக்கிக் காட்ட வேண்டும். என் அம்மா பார்த்துவிட்டு, "ஐ.டி. வேலையை விட்டுட்டு சோப்புல பொம்மை செய்யுறியா?" என்றாள். மேல் கடைவாய்ப் பல்லில் கரபெல்லி முனை என்று ஒரு சின்ன மேடு உண்டு. அது எனக்கு வரவே வராது, வழித்துக்கொண்டு போய்விடும். பக்கத்து வீட்டு 18 வயதுப் பையன் என் வகுப்புத்தோழன், மாடியேறி வந்து செய்து காட்டிவிட்டுப் போவான். மெழுகுக்கத்தி அண்ணா, அந்த முனையைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு வருடம் வகுப்பே உங்கள் பின்னால் வரும்.

கஷ்டம் வேறு இடத்தில். உங்களுக்கு டெமான்ஸ்ட்ரேட் செய்கிற லெக்சரர் உங்களைவிடச் சின்னவராக இருப்பார். எனக்கு ஒரு மேடம் இருந்தார், 29. நான் மேடம் என்பேன், அவர் அக்கா என்று பாதியில் ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. ரோல் நம்பர்தான். அப்புறம் மூன்றாம் வருடம் கிளினிக் ஆரம்பித்ததும் கோட்டா. இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை ஸ்கேலிங், இத்தனை செட் பல். நோயாளி கிடைக்காவிட்டால் நாம்தான் பிடித்து வர வேண்டும். பிள்ளைகள் பாட்டி தாத்தாவைக் கூட்டி வருவார்கள். நான் என் பழைய ஆபீஸ் டீமையே கொண்டுவந்து சேரில் உட்கார வைத்தேன். வயதானதில் கிடைத்த ஒரே லாபம், சொத்தைப் பல் உள்ள நண்பர்கள்.

சம்பாதிக்க முடியாத ஐந்து வருடம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தோழி கல்யாணத்துக்கு மொய் வைக்க அம்மாவிடம் 500 ரூபாய் கேட்டு நிற்கும்போது தெரியும். அதற்கு மட்டும் தயாராக இருங்கள். மற்றதெல்லாம் பழகிவிடும்.


நெல்லை அம்மா
ஆகஸ்ட் 19, காலை 6:40

இதையும் மகளிடம் காட்டினேன். கரபெல்லி முனை எப்படி இருக்கும் என்று போனில் தேடிக்கொண்டிருக்கிறாள்.


விதிப்புத்தகம்
ஆகஸ்ட் 19, காலை 9:11

வயது அதிகமானவர்கள் செய்திகளில் வந்ததையும் பதிந்து வைக்கிறேன், பலருக்குப் பயன்படும். எல்லாம் எம்.பி.பி.எஸ். பக்கம்தான். 2020-இல் ஒடிசாவில் 64 வயது ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்த வருடம் ஜூலையில் தென்காசி மாவட்டத்தில் 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் அவர் மகளும் ஒரே நீட்டில் தேறினார்கள், தாய்க்கு இடமும் கிடைத்தது. தருமபுரியில் 61 வயது ஓய்வு பெற்ற ஆசிரியர் 2022 கலந்தாய்வுக்கு வந்துவிட்டு, ஒரு பிள்ளைக்குப் போகட்டும் என்று இடத்தை எடுக்காமல் திரும்பினார்.


சொத்தைப்பல் சொக்கன்
ஆகஸ்ட் 19, காலை 9:30

அந்த தருமபுரி விஷயத்தைத்தான் நானும் கேட்க நினைத்தேன். ஒரு சீட்டில் ஒருவர் 40 வருடம் வேலை செய்வதும், இன்னொருவர் 10 வருடம் செய்வதும் ஒன்றா?


டெட்ராய்ட் குளிர்
ஆகஸ்ட் 19, மாலை 6:20

எங்கள் பேட்ச்சில் 17-இல் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் இன்று பல் பிடுங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா, சொக்கன்? நான் எண்ணியிருக்கிறேன். எங்கள் வாட்ஸப் குரூப்பில் 41 பெண்கள், அதில் தொழிலில் இருப்பது 17 பேர். சின்ன வயதில் சேர்ந்தால் 40 வருடம் வேலை என்று யார் எழுதிக் கொடுத்தது? அந்த அண்ணா பல் வேலையை விட்டு எங்கேயும் போகப் போவதில்லை. ஏற்கெனவே 11 வருடம் போயிருக்கிறார்.


சொத்தைப்பல் சொக்கன்
ஆகஸ்ட் 19, இரவு 8:05

சரி, அதில் நான் தோற்றேன். பணக் கணக்கில் தோற்கவில்லை. மெழுகுக்கத்தி, படித்துக்கொண்டே இரவில் லேப் வேலை எடுத்துச் செய்ய முடியுமா என்று உங்கள் முதலாளியிடம் கேட்டீர்களா? என் கேப் வேலையில் கொஞ்சம் உங்களிடம் அனுப்புகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.


மெழுகுக்கத்தி
ஆகஸ்ட் 21, இரவு 10:02

கேட்டேன் சார். சனி, ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார், ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று. கழுத்து எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. சின்னத் தேய்மானம், உடற்பயிற்சி சொல்லியிருக்கிறார்கள்.

மாமனார் நேற்று வந்தார். காபி குடித்தார். போகும்போது, "பையனை எந்த ஸ்கூல்ல போடப் போறீங்க? உங்க காலேஜ் பக்கமா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.


மெழுகுக்கத்தி
டிசம்பர் 6, 2025, இரவு 11:31

இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும். சேர்ந்துவிட்டேன்.

வகுப்பில் எனக்கு அடுத்த பெரிய ஆள் 21. முதல் நாள் நான் உள்ளே போனதும் மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். இப்போது "அங்கிள்" என்று பெயர். இரண்டு பேர் மட்டும் அண்ணா என்கிறார்கள், ரெக்கார்டு வரைந்து தர வேண்டும் என்பதற்காக.

போன வாரம் முதல் செதுக்கல். மேல் நடு வெட்டுப்பல். புத்தக அளவு, கிரீடம் 10.5 மில்லிமீட்டர் உயரம், 8.5 அகலம். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். எனக்கு 20 நிமிடம். சுற்றி ஒரே கூட்டம், போட்டோ வேறு. மேடம் வந்து வெர்னியர் வைத்து அளந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது லேப் பல்" என்றார். (அவரும் சார் என்கிறார், நானும் மேடம் என்கிறேன், இன்டர்ன் அக்கா சொன்னது அப்படியே.) எனக்குப் புரியவில்லை. அவர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, பிடுங்கிய பல் ஒன்றை இடுக்கியில் எடுத்து என் மெழுகுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னுடையதில் இரண்டு பக்கமும் ஒரே வளைவு. பார்க்க அழகு, பிரிட்ஜில் அப்படித்தான் செய்து கொடுப்போம். நிஜப் பல்லில் கன்னத்தின் பக்கம் போகிற மூலை உருண்டிருக்கிறது, நடுக்கோட்டுப் பக்க மூலை கூர்மை. கழுத்துக் கோடு ஒரு பக்கம் அதிகம் ஏறுகிறது, மறுபக்கம் குறைவு. வேர் லேசாகச் சாய்ந்திருக்கிறது. வேரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கேப்புக்கு வேர் எதற்கு?

மறுபடி செதுக்கச் சொல்லிவிட்டார். மூன்றாவது கட்டி ஓடுகிறது.

இப்போது எல்லோரும் நிஜப் பல் சேகரிக்க வேண்டும், வகைக்கு ஒன்றாவது. வெட்டுப்பல்லும் முன்கடைவாய்ப் பல்லும் கிடைத்துவிட்டன. உடையாத மேல் கடைவாய்ப் பல் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?


சொத்தைப்பல் சொக்கன்
டிசம்பர் 7, காலை 7:18

ஃபார்மலினில் ஒரு பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன், நாலைந்து நல்ல மோலார் இருக்கும். ஒன்றில் கரபெல்லி முனை தெளிவாகத் தெரியும். கூரியர் வேண்டாம், உடைத்துவிடுவார்கள். சனிக்கிழமை லேபுக்கு வருவீர்கள் அல்லவா, என் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் செய்து அனுப்பிய பிரிட்ஜ் ஒன்று கொஞ்சம் ஹை, அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.